முகம் நசுங்கிய பொலிரோ பிக்கப்: வேப்பமரத்தடியில் பதினெட்டு நாள்

மே மாதக் கடைசி வாரம், அதிகாலை நாலரை மணி இருக்கும். அறுபது பெட்டித் தக்காளியோடு உடுமலைப்பேட்டைச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெட்டிக்கு 14 கிலோ கணக்கில் 840 கிலோ பாரம். எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தையும் போட்டுக்கொண்டு வந்தது. நான் விளக்கைத் தாழ்த்தினேன். பஸ் என்னைக் கடந்த மறுநொடி, சாலையின் இடது ஓரத்தில் பாதி தார்மேலும் பாதி மண்மேலுமாக நின்றிருந்த டிராக்டர் டிரெய்லர் கண்ணில் பட்டது. நார் மில்லுக்குத் தேங்காய் மட்டை ஏற்றிப்போகும் வண்டி அது. வலையை மீறி மட்டை பின்பக்கம் தொங்கியதால் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் இரண்டும் மறைந்திருந்தன.

பிரேக்கை அழுத்தி, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். இடிக்கும்போது வேகம் மணிக்கு 15, 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. டிரெய்லரின் வலது பின்மூலை என் வண்டியின் இடது முன்பக்கத்தில் ஏறியது. சீட் பெல்ட் போட்டிருந்தேன். தோள்பட்டையில் ஒரு சிவந்த கோடு தவிர எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டிராக்டர்காரர் சக்கரத்துக்குக் கல் வைக்க முன்பக்கம் போயிருந்தார். அவருக்கும் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மற்றதெல்லாம் இரும்புதானே என்று நிதானமாகப் பார்க்க முடிந்தது.

இறங்கிப் பார்த்தபோது வண்டிக்கு அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். இந்த நேரத்தில் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பத்தான் எல்லோருக்கும் கை போகும். திருப்பக் கூடாது. ரேடியேட்டர் பின்னால் தள்ளப்பட்டிருந்தால் விசிறி அதில் உரசி, ஆயிரங்களில் முடியும் வேலையை லட்சத்துக்குக் கொண்டுபோய்விடும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டும் போகும். பேட்டரி முனையைக் கழற்றி வைத்தேன். தக்காளியை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பினேன். விடிந்ததும் மச்சான் டிராக்டரைக் கொண்டுவந்து என் வண்டியைத் தோட்டத்துக்கு இழுத்துவந்தார்.

வண்டி 2016ஆம் ஆண்டு பொலிரோ பிக்கப், 2523 சிசி டீசல் இன்ஜின். 1,68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பட்டறையில் காட்டியதற்கு 46,000 ரூபாய் மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று பாலிசியை எடுத்துப் பிரித்தேன். சரக்கு வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அன்று நான் பார்த்த இடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சரக்கு வாகனப் பாலிசியில் ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் விளக்கு, பம்பர், மட்கார்டு, பானெட், பெயிண்ட் ஆகியவற்றுக்கு இழப்பீடு உண்டு. அதுவும் பாதிதான் கிடைக்கும். என் பாலிசியில் அது இல்லை. எனக்கு நசுங்கியதோ சரியாக அதே ஐந்து பொருள்கள். ரேடியேட்டருக்கு மட்டும் கோரலாம். ஆனால் கோரினால் மூன்று ஆண்டாகச் சேர்ந்திருந்த 35 சதவீதத் தள்ளுபடி போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோருவதில் லாபம் இல்லை. நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

தனியாகச் செய்தேன் என்று சொல்வது பொய். எங்கள் ஊரில் நாற்பது ஆண்டு டிங்கர் வேலை பார்த்து, முழங்கால் வலியால் ஓய்ந்திருக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். மெல்லிய தகட்டு வெல்டிங் மட்டும் அவர் கையால் நடந்தது.

முதல் நாள் சுத்தியலைத் தொடவே அவர் விடவில்லை. "அடி எந்த வழியாக உள்ளே போயிருக்கிறது என்று முதலில் படி, தம்பி" என்றார். வெளியே தெரிவது நசுங்கிய மட்கார்டும் உடைந்த விளக்கும்தான். ஆனால் விசை அதோடு நின்றிருக்காது. பம்பர், பம்பரைத் தாங்கும் பிராக்கெட், சேஸின் முன்நுனி, ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம், அதிலிருந்து பானெட் பூட்டு, பானெட் கீல் என்று ஒவ்வொன்றாகக் கைமாறிப் போயிருக்கும். எங்கே நின்றது என்று தெரியாமல் முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினால் பானெட் மூடாது, கதவு உரசும், டயர் ஒரு பக்கம் தேயும்.

எல்லாவற்றையும் கழற்றினேன். பெரும்பாலும் 10, 12, 13 அளவு ஸ்பேனர்கள். கழற்றும் முன் ஒவ்வொரு இடத்தையும் கைபேசியில் படம் எடுத்தேன். போல்ட்டுகளைத் தயிர் டப்பாக்களில் போட்டு, எந்த இடத்துப் போல்ட்டு என்று மேலே எழுதி ஒட்டினேன். பதினைந்து நாள் கழித்து மாட்டும்போது நினைவு உதவாது. துருப்பிடித்து இறுகியவற்றுக்கு முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட வேண்டும். மூன்று போல்ட்டு அப்படியும் முறிந்தது.

பிறகு அளவு. இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கொத்தனார் தூக்குக்குண்டு, கயிறு, சாக்பீஸ், அளவு நாடா போதும். சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தினோம். சேஸில் இடமும் வலமும் ஒரே மாதிரி அமைந்த துளைகள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் புள்ளியைத் தரையில் குறித்தேன். வண்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் சேஸின் நிழல்போலத் தரையில் எட்டுப் புள்ளிகள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தேன். முன்கட்டத்தில் ஒரு மூலைவிட்டத்துக்கும் மற்றொன்றுக்கும் 4 மி.மீ. வித்தியாசம். ஐந்துக்குள் இருந்தால் இந்த மாதிரி ஏணிச் சேஸுக்குப் பயமில்லை என்றார் அண்ணன். ஆனால் ரேடியேட்டர் தாங்கும் முன்சட்டம் இடது பக்கம் 22 மி.மீ. பின்னால் போயிருந்தது. மட்கார்டு வாங்க ஓடியிருந்தால் இந்த 22 மி.மீ. எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அதை இழுப்பதற்கு ஒரு முழு நாள் ஆயிற்று. சேஸின் பின்முனையைப் புளியமரத்தில் கட்டினோம், வண்டி முழுதாக நகர்ந்துவிடாமல் இருக்க. முன்பக்கம் வேப்பமரத்தில் செயின் பிளாக் மாட்டி, சட்டத்தை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே பிடித்து இழுத்தோம். இழுக்கும் திசை முக்கியம். அடி இடது முன்மூலையிலிருந்து உள்நோக்கிச் சாய்வாக வந்தது. அதே சாய்வில் திரும்ப இழுக்க வேண்டும். நேராக இழுத்திருந்தால் சட்டம் முன்னே வந்தாலும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கும். இறுக்கிய சங்கிலியின் மேல் நனைத்த சாக்குகளைப் போட்டோம். கொக்கி நழுவினால் சங்கிலி பாயாமல் சாக்கு அதை அமுக்கும். இழுவிசைக்கு நேரே யாரும் நிற்கவில்லை.

இரும்புக்கு நினைவு உண்டு. 22 மி.மீ. இழுத்துச் சங்கிலியைத் தளர்த்தினால் ஏழு திரும்பிப் போய்விட்டது. மறுபடி இழுத்துப் பிடித்த நிலையிலேயே மடிப்பு விழுந்த இடங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். தட்டத் தட்டத் தகட்டின் இறுக்கம் இளகியது. கடைசியில் தேவைக்கு மேல் 5 மி.மீ. இழுத்து விட்டதும் சரியான இடத்தில் வந்து நின்றது. இரண்டு இடங்களில் விரிசல் தெரிந்தது. பேட்டரி இரண்டு முனைகளையும், ஆல்டர்னேட்டர் இணைப்பையும், இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பையும் கழற்றிய பிறகே அண்ணன் வெல்டிங் வைத்தார். பொதுக்குழாய் (காமன் ரெயில்) டீசல் இன்ஜின் உள்ள எந்த வண்டிக்கும் இது தவறக் கூடாது.

மட்கார்டு போல்ட்டில் நிற்கும் பொருள்தான். கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் துருவில்லாத ஒன்று 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. பம்பரும் இடது விளக்கும் புதிதாக வாங்கினேன். பானெட்டை மட்டும் நானே நிமிர்த்துவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

பானெட்டின் இடது முன்முனை உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்து, அதன் பின்னால் ஒரு வரப்புபோல உயர்ந்திருந்தது. புதியவர்கள் குழியைத்தான் தட்டுவார்கள். நானும் அதற்குத்தான் கையை ஓங்கினேன். அண்ணன் தடுத்தார். இடிக்கும்போது முதலில் விழுந்தது குழி. வரப்பு அதற்குப் பிறகு வந்தது. கடைசியாக வந்ததை முதலில் எடுத்தால்தான் முதலில் விழுந்தது தானாக விடும். குழிக்கு அடியில் டாலி என்ற கையடக்க இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வரப்பின் மேல் ஓரத்திலிருந்து சின்னச் சின்ன அடியாகப் போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் டாலி கையில் துள்ளும். இருபது, முப்பது அடிக்குப் பின் "டொக்" என்று ஒரு சத்தம். குழியின் பாதி தானே மேலே வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

மேடு பள்ளத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. விரல் நுனியாலும் தெரியாது. தகட்டின் மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு, உள்ளங்கையை முழுதாகப் படியவைத்துத் தடவினால் அரை மில்லி வித்தியாசம்கூடத் தெரிகிறது. துணி இல்லாமல் தடவினால் தோலின் வியர்வை தகட்டில் ஒட்டிக் கையை ஏமாற்றிவிடும்.

ஓரிடத்தில் தகடு நீண்டுபோயிருந்தது. அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும், எண்ணெய் டின் அடிபோல. அதை எத்தனை முறை தட்டினாலும் மேலும் நீளத்தான் செய்யும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் கேஸ் தீயில் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் மரச்சுத்தியலால் தட்டி, உடனே ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். தகடு சுருங்கி இறுகிவிடுகிறது. மூன்று முறை செய்ததில் அந்தத் துள்ளல் நின்றது.

மிச்சப் பள்ளத்தை நிரப்பும் பட்டியை (புட்டி) எவ்வளவு குறைவாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. 3 மி.மீ. கனத்தைத் தாண்டினால் இரண்டு மழைக்காலத்தில் வெடித்துவிடும். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் கெட்டியாக்கி போதும். எங்கள் ஊர் வெயிலில் கலந்த ஐந்து நிமிடத்துக்குள் கல்லாகிவிடும் என்பதால் கைப்பிடி அளவே கலந்தேன். 80, 180, 320 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்து, பிரைமர் அடித்து, 600 எண் தாளால் தண்ணீர் விட்டு இழைத்தேன். கையில் பிடித்துத் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும். தாளை ஒரு ரப்பர் செருப்புத் துண்டில் சுற்றிக்கொண்டால் சமமாக வரும்.

வெள்ளை நிறம்தானே என்று நினைக்க வேண்டாம். எட்டு ஆண்டு வெயில் தின்ற வெள்ளை புது வெள்ளையோடு சேராது. நசுங்கிய பழைய மட்கார்டின் பின்ஓரத்தில் அடிபடாத பகுதியைக் கை அகலத்துக்கு வெட்டி எடுத்து, மெருகு போட்டு, அதை எடுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனேன். அதைப் பக்கத்தில் வைத்துத் துளி மஞ்சளும் துளிக் கறுப்பும் சேர்த்துக் கலந்து கொடுத்தார்கள். நான் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டே அடித்தேன். கெட்டியாக்கி கலந்து அடிக்கும் 2கே வகை நெடுநாள் உழைக்கும், மினுங்கும். ஆனால் அதன் கெட்டியாக்கியில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பெருங்கேடு. தனியாகக் காற்றுக்குழாய் வைத்த முகக்கவசம் இல்லாமல் வீட்டு வாசலில் அதை அடிக்கக் கூடாது. என்.சி.க்கும் பெயிண்ட் ஆவியை வடிகட்டும் முகக்கவசம் வேண்டும், அருகில் நெருப்பு கூடாது.

இன்னொரு எதிரி காற்று. வைகாசி பாதியிலேயே பாலக்காட்டுக் கணவாய் திறந்துகொள்ளும் ஊர் எங்களுடையது. காற்றாலைக்கு வரம், பெயிண்ட்டுக்குச் சாபம். முதல் முறை காலை எட்டு மணிக்கு அடித்ததில் பானெட் முழுக்க மண் பொடி. அத்தனையும் தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் நான்கு மணிக்கு எழுந்து, தரை முழுவதும் தண்ணீர் தெளித்து, இரண்டு பக்கமும் தார்ப்பாய் கட்டி, ஐந்தரைக்குள் மூன்று கோட் முடித்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரம்தான் காற்று தூங்குகிறது.

ரேடியேட்டர் எனக்கு ஒரு பாடமாக வந்தது. அலுமினியக் கூடு, பிளாஸ்டிக் தொட்டி. தொட்டியின் இடது மூலை பிளந்திருந்தது. பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம். இதற்குப் பசை வைத்து ஒட்டி நம்பி ஓட்ட முடியாது. 6,800 ரூபாய்க்குப் புதியது வாங்கினேன். பழையதைக் கழற்றித் தொட்டியைப் பிளந்து பார்த்தேன். உள்ளே குழாய் வாய்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக அடைந்திருந்தன. எண்ணிப் பார்த்ததில் மூன்றில் ஒன்று மூடியே கிடந்தது. போர்த் தண்ணீர். அவசரத்துக்கு, அவசரத்துக்கு என்று ஆண்டுக்கணக்கில் நான் ஊற்றிய தோட்டத்துத் தண்ணீர். பாரத்தோடு மேடு ஏறும்போது வெப்பமுள் உயர்வதை வயதுக் கோளாறு என்று நினைத்திருந்தேன். இப்போது கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிப்பாதி. இருக்கைக்குப் பின்னால் இரண்டு லிட்டர் கலவை எப்போதும் இருக்கும்.

நிரப்பும்போது காற்று உள்ளே சிக்கக் கூடாது. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, நிரப்பிவிட்டு மெதுவாக ஓடவிட வேண்டும். சூடேறியதும் தெர்மோஸ்டாட் திறக்கும். மேல் ஹோஸ் கைக்குச் சுடத் தொடங்கும். குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்து பிறகு மூட வேண்டும். ஓடி வந்த சூட்டில் மூடியைத் திறப்பது கொதிக்கும் தண்ணீரை முகத்தில் வாரிக்கொள்வது.

இனி விளக்கு. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பஸ்காரர் வெளிச்சத்தைத் தாழ்த்தவில்லை, டிரெய்லர் பின்னால் ஒளிரவில்லை. இரண்டும் உண்மை. ஆனால் நான் விளக்கைத் தாழ்த்திய பிறகு என் முன்னால் என்ன தெரிந்தது? நினைத்துப் பார்த்தால், மஞ்சளாக ஒரு மங்கல் மட்டும்தான். வண்டியின் முகத்தைப் பழையபடி நிமிர்த்திவிட்டு அதே மங்கலோடு மறுபடி நாலரை மணிக்குக் கிளம்புவதில் என்ன பொருள் இருக்கிறது?

உடையாத வலது விளக்கை வைத்து மல்டிமீட்டரில் அளந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.1 வோல்ட். தாழ்விளக்கு எரியும்போதே பல்பின் பின்புற இணைப்பில் 11.8 வோல்ட். 2.3 வோல்ட் வழியில் தொலைகிறது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் குறைந்தால் வெளிச்சம் அதே விகிதத்தில் குறைவதில்லை, ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கில் குறைகிறது. பத்து சதவீத வோல்ட் போனால் முப்பது சதவீத வெளிச்சம் போய்விடும். வண்டியை ஓட்டுபவருக்கு இது தெரியாது, ஏனென்றால் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது, கண் பழகிவிடுகிறது.

வழியில் எங்கே தொலைகிறது என்று தனித்தனியாகப் பார்த்தேன். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைப் பல்பின் எர்த் முனையிலும் வைத்தால் 0.6 வோல்ட் காட்டியது. எர்த் நன்றாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். மிச்சம் 1.7 வோல்ட் பிளஸ் பக்கம். பல்பின் இணைப்பானை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் வறுத்த அப்பளம்போலப் பழுப்பேறி, விரல் பட்டதும் ஓரம் உதிர்ந்தது. உள்ளே பித்தளை முனை கறுத்து, பிடி தளர்ந்திருந்தது. விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து சாவிக்கு ஏறி, ஸ்டீயரிங் பக்கத்துச் சுவிட்சுக்குள் நுழைந்து, மெல்லிய ஒயரில் மறுபடி முன்னால் வந்துகொண்டிருந்தது. ஒரு பல்புக்கு 5 ஆம்பியர். இரண்டுக்கும் சேர்த்துப் பத்து. அந்தச் சின்னச் சுவிட்ச் அத்தனை பாரத்தையும் தினம் சுமந்திருக்கிறது.

மருந்து ரிலே: சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வாகன ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் பியூஸ், அதன் பின் தாழ்விளக்குக்கு ஒன்று, உயர்விளக்குக்கு ஒன்று என இரண்டு ரிலே. ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30இல் பேட்டரியிலிருந்து வரும் ஒயர், 87இலிருந்து பல்புக்கு. 86இல் பழைய விளக்கு ஒயர், 85 எர்த்துக்கு. பழைய சுவிட்ச் இப்போது ரிலேயை எழுப்பும் வேலையை மட்டும் செய்கிறது. அதற்கு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. பல்பு எர்த்தைப் பெயிண்ட் மேல் திருகாமல், சேஸை இரும்பு தெரியச் சுரண்டி, வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். எல்லா முனைகளையும் கிரிம்ப் கருவியால் அழுத்தி, மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போட்டேன். வீட்டுக்கு இழுக்கும் ஒயரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். இன்ஜின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் அதன் உறை தாங்காது. சில வண்டிகளில் பல்பின் பொதுமுனை எர்த்தாக இல்லாமல் பிளஸாக இருக்கும். ஆகவே ஒயரை வெட்டும் முன் மீட்டரால் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முடித்து அளந்தேன். பல்பில் 13.7 வோல்ட். அதே எச்4 பல்பு, அதே 60/55 வாட். கணக்குப்படி முன்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெளிச்சம். மொத்தச் செலவு 1,450 ரூபாய். பல்பின் ஆயுள் கொஞ்சம் குறையும், அதை மகிழ்ச்சியாக ஏற்கிறேன்.

கடையில் 100/90 வாட் பல்பு கொடுக்க வந்தார்கள். எல்.இ.டி. பல்பைக் காட்டினார்கள். இரண்டையும் மறுத்துவிட்டேன். முதலாவது பிரதிபலிப்புக் கிண்ணத்தையே பொசுக்கும். இரண்டாவது, ஹாலஜனுக்காக வார்த்த கிண்ணத்தில் போட்டால் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் தெறிக்கிறது. அன்று காலை என் கண் கூசிய அந்த நான்கு நொடியை இன்னொருவருக்கு நான் கொடுக்க மாட்டேன்.

விளக்கை மாட்டியதும் வேலை முடிந்ததாக நினைக்காமல் குறிபார்க்க வேண்டும். சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, பாதிப் பாரத்தோடு நிறுத்தினேன். காலி வண்டியில் சரி செய்தால், பாரம் ஏறியதும் மூக்கு நிமிர்ந்து வெளிச்சம் மரக்கிளையில் போய் நிற்கும். விளக்கின் நடுவுயரம் தரையிலிருந்து 86 செ.மீ. சுவரில் அதற்கு 10 செ.மீ. கீழே சாக்பீஸ் கோடு. தாழ்விளக்கின் மேல்விளிம்பு அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். நம் நாட்டு விளக்கில் அந்த விளிம்பு இடது பக்கம் மட்டும் சாய்வாக மேலேறும், சாலையோரத்தைக் காட்ட. நான் முதலில் வாங்கி வந்த மலிவான விளக்கில் அது வலது பக்கம் ஏறியது. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது எப்படியோ கடையில் கலந்திருக்கிறது. எதிர்வண்டிக்காரருக்கு அது நேராகக் கண்ணில் அடிக்கும். சுவரில் பார்த்ததால் தெரிந்தது, அன்றே மாற்றிக்கொண்டேன்.

முன்னால் கனமான இரும்புக் கம்பிச் சட்டம் வைக்கச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். அது கூடாது. 2017 டிசம்பரிலேயே ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு இது முரண் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்தத் தடை இல்லாவிட்டாலும் நான் வைக்க மாட்டேன். என் வண்டியில் பம்பரும் பிராக்கெட்டும் முன்சட்டமும் மடிந்து விசையை வாங்கிக்கொண்டதால்தான் சேஸ் 4 மி.மீ.யோடு தப்பியது. இரும்புச் சட்டம் மடியாமல் அத்தனையையும் நேரே சேஸுக்குக் கடத்தியிருக்கும். குறுக்கே ஓர் ஆள் வந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே மனம் கூசுகிறது.

வண்டி முழுவதும் ஒளிபிரதிபலிக்கும் பட்டை ஒட்டினேன். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஏ.ஐ.எஸ். 090 என்ற தர எண் அச்சிட்டதைப் பார்த்து வாங்க வேண்டும். பாதிச் சுருள் மிஞ்சியது. டிராக்டர்காரர் நான்காவது நாளே என்னைப் பார்க்க வந்திருந்தார். "மட்டை ஏற்றினால் எல்லாம் மறைந்துவிடுகிறது, தம்பி. என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்றார். அவருடைய டிரெய்லரைத் தோட்டத்துக்கு வரச்சொன்னேன். மரப்பலகையில் ஒட்டினால் பட்டை நிற்காது. மட்டை தொங்கினால் பலகையும் மறையும். ஆகவே பலகைக்குக் கீழே சேஸ் வால்பகுதியில் இரண்டு அடி அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து, அதன்மேல் சிவப்புப் பட்டையை ஒட்டினோம். இன்னொரு தகட்டில் ஒட்டி, நான்கு மூலையிலும் கொக்கி வைத்து, வலையின் மேல் மாட்டிக்கொள்ளக் கொடுத்தேன்.

செலவுக் கணக்கு: ரேடியேட்டர் 6,800, பம்பர் 2,600, விளக்கு 1,900, மட்கார்டு 1,800, பெயிண்ட் வேலைச் சாமான்கள் 3,200, ஒயரிங் 1,450, கூலன்ட் 900, போல்ட்டு கிளிப் உப்புத்தாள் முதலிய சில்லறை 1,500. அண்ணன் வாங்க மறுத்துக் கடைசியில் என் கட்டாயத்துக்காக வாங்கிக்கொண்டது 2,000. மொத்தம் 22,150 ரூபாய்.

இன்னும் மிச்சம் இருக்கிறது. பானெட்டுக்கும் இடது மட்கார்டுக்கும் நடுவிலான இடைவெளி வலப்பக்கத்தைவிட 2 மி.மீ. கூடுதல். கீலில் ஒரு வாஷர் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டு புஷ் தேய்ந்திருப்பதைச் சேஸ் அளக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். அடுத்த தக்காளிப் பறிப்புக்கு முன் அதை மாற்றிவிட வேண்டும். செயின் பிளாக்கை அதுவரை மரத்திலேயே விட்டு வைத்திருக்கிறேன்.